ஒன்றும் குறையாத பெட்டி

அந்தக் கட்டட வேலையில் ஸ்டோர்காரராக இருந்தவரை எவரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. இழுவையார் என்றே அழைத்தனர். பூட்டு எதுவாயினும், பூட்டியவுடன் அதனைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்துப் பார்ப்பார். சற்றுத் தூரம் நடந்தபின் மனம் கேளாமல் திரும்பி வந்து இன்னோர் இழுப்பு இழுப்பார். வீட்டைப் பூட்டிக்கொண்டு கணவனும் மனைவியுமாக எங்கேனும் புறப்பட்டால், அவர் மனைவி தெருமுனைக்கு வந்ததும் தானாகவே நின்றுகொள்வாள்.

"போங்க, போயி பூட்டுக்குக் கைகுலுக்கிட்டு வாங்க. நான் இங்கயே நிக்கிறேன்" என்பாள்.

அவர் கோபித்துக்கொள்வதில்லை. போய்க் கைகுலுக்கிவிட்டே வருவார்.

காலையில் கருவிகளை எடுத்துக் கொடுப்பதும், மாலையில் திரும்ப வாங்கித் துடைத்து வைப்பதும் அவருடைய பணி. பெட்டியின் உட்புறத்தில் ஒவ்வொரு கருவிக்கும் உரிய இடத்தை, அதன் உருவத்தையே மஞ்சள் வண்ணத்தால் கோடிட்டு வரைந்து வைத்திருப்பார். டிரில்லிங் மெஷினுக்கு ஓர் உருவம், கட்டிங் மெஷினுக்கு ஓர் உருவம், லேசர் மட்டத்திற்கு ஓர் உருவம். மூடியைத் திறந்த மாத்திரத்தில், எது இல்லை என்பது பல் விழுந்த வாய்போலத் தெரிந்துவிடும்.

அந்த மழைக்காலத்தில் பற்கள் அடுத்தடுத்து விழத் தொடங்கின. முதலில் கட்டிங் மெஷின் போயிற்று. பின்னர் லேசர் மட்டம். அதன்பின் புதிதாக வந்திருந்த பெரிய டிரில்லிங் மெஷினே போயிற்று. ஒவ்வொரு முறையும் பூட்டு பூட்டியபடியே தொங்கிக்கொண்டிருந்தது.

பெட்டிக்குச் சாவிகள் இரண்டு. ஒன்று இழுவையாரிடம் இருந்தது. மற்றொன்று அவருடைய மனைவியின் தம்பியிடம் இருந்தது. அவன் சென்ட்ரிங் மேஸ்திரி. கான்கிரீட் ஊற்றுவதற்குப் பலகை அடிக்கும் ஆட்களுக்குத் தலைவன். எல்லோருக்கும் முன்னதாக வருபவன் என்பதால் சாவி ஒன்றை அவனிடம் கொடுத்திருந்தார்கள்.

என்ஜினியர் இருவரையும் பெட்டியருகே அழைத்தார்.

"பூட்டு உடையல. கொண்டி நெளியல. சாவி ரெண்டே ரெண்டு. உங்களை எனக்கு ரொம்ப நாளாத் தெரியும், ஸ்டோர்காரரே. உங்க மச்சானைத்தான் தெரியாது."

மைத்துனனின் முகம் செங்கலாயிற்று. "சார், வார்த்தையை அளந்து விடுங்க" என்று முன்னே வந்தவனை இழுவையார் கையால் தடுத்தார். பெட்டியின் பின்புறம் குனிந்து, ஓர் ஆணியை வைத்துத் தட்டிக் கீலின் அச்சாணியை உருவினார். பூட்டிய பெட்டியின் மூடி பின்பக்கமாகத் திறந்துகொண்டது.

"பாருங்க சார். பின்பக்கமாத் தூக்கி எடுத்துட்டு, ஆணியைத் திருப்பிச் சொருகிட்டுப் போயிருக்கான். முன்வாசல்ல பூட்டு காவல் காக்குது. பின்வாசல்ல ஊர்வலமே போயிருக்கு."

என்ஜினியர் தாடையைத் தடவிக்கொண்டார். "போயிருக்கலாம். போச்சுன்னு சொல்ல முடியாது. ஒண்ணு செய்யுங்க. கீலே வெளிய தெரியாத நல்ல பெட்டியா நீங்களே பார்த்து வாங்குங்க. அதுக்கப்புறம் எதுவும் போகலைன்னா கீல்தான் திருடன், உங்க மச்சான் யோக்கியன். போச்சுன்னா, அவரு போலீஸ்ல பேசிக்கட்டும்."

ஆக, ஒரு பெட்டியைத் தெரிந்தெடுப்பதில் ஒருவனுடைய மானம் தொங்கிற்று. வீட்டிலோ பேச்சு இன்னும் கூர்மையாக இருந்தது. "எங்க அப்பா அம்மா போனதுக்கப்புறம் அவனை நான்தான் வளத்தேன். அவன் பேர் கெட்டுச்சுன்னா நீங்க இந்த வீட்டுக்கு வராதீங்க" என்றாள் மனைவி. விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது அவள் தட்டை வைத்த ஓசையிலேயே தெரிந்தது.

கடைக்குப் போகையில் மைத்துனனும் உடன் வந்தான். எங்கே போனாலும் இடுப்பு வாரில் சுத்தியலைச் செருகிக்கொண்டு போவது அவன் வழக்கம். கடைக்காரர் முதலில் சக்கரம் வைத்த பெட்டியைக் காட்டினார்.

"இது எங்க வேணாலும் தள்ளிக்கிட்டுப் போகலாம்."

"திருடனுக்கும் முதுகுவலி இருக்கும்ல மாமா? பாவம், யோசிச்சுத்தான் சக்கரம் வச்சிருக்காங்க" என்றான் மைத்துனன்.

அடுத்தது அகன்ற பெட்டி. தகடு கனமாகத்தான் இருந்தது. ஆனால் பூட்டு வெளியே தொங்கிற்று. நீண்ட கைப்பிடியுள்ள கட்டர் ஒன்று கிடைத்தால் கரும்பை நறுக்குவதுபோல நறுக்கிவிடலாம். மூன்றாவது, நிற்கும் அலமாரி. அதன் கதவு விளிம்பில் இழுவையார் விரலை நுழைத்தார். விரல் போகும் இடத்தில் கடப்பாரை போகாதா? தலையை அசைத்துவிட்டார்.

கடையின் பின்கட்டில் தார்ப்பாய் போர்த்திய ஒன்று கிடந்தது. "அது என்ன?" என்றார்.

கடைக்காரர் சற்றுத் தயங்கியே பாயை விலக்கினார். சாம்பல் நிறப் பெட்டி. அதன் அமைப்பைக் கண்டதும் இழுவையாரின் கண்கள் விரிந்தன. பூட்டு, தடித்த இரும்புக் கூட்டுக்குள் ஒளிந்திருந்தது; கீழிருந்து கைவிட்டால் சாவி போகும், கட்டரின் வாய் போகாது. கீல் முழுவதும் உட்புறத்தில் இருந்தது. உள்ளிருந்தே போல்ட் போட்டுத் தரையோடு இறுக்குவதற்கு அடித்தகட்டில் துளைகளும் இருந்தன. மூடியைச் சிறிது தூக்கினால் போதும். பெருமூச்சு விடுவதுபோல ஓர் ஒலியுடன் தானே எழுந்து நின்றது.

"இவ்வளவு நல்ல பெட்டியை ஏன் மூடி வச்சிருக்கீங்க?"

"இது ஒரு சைட்டுக்குப் போயித் திரும்பி வந்தது."

"என்ன குறை?"

"குறையா? அந்த சைட் ஸ்டோர்காரர் தானே வண்டி வச்சுக் கொண்டாந்து இறக்கினாரு. 'இதுல ஒண்ணும் குறையாது'ன்னாரு. 'அப்புறம் ஏன் திருப்பித் தர்றீங்க'ன்னேன். டீ குடிச்சிட்டுப் போங்கன்னேன், நிக்கவே இல்ல."

மைத்துனன் சுத்தியலை உருவிப் பெட்டியின் பக்கத்தில் ஓங்கித் தட்டினான். காலிப் பெட்டியைத் தட்டினால் மணிபோல அதிர வேண்டும். இதுவோ, வாய்வரை சாமான் நிறைந்த பெட்டியைத் தட்டினாற்போல அடங்கிய குரலில் "தொம்" என்றது. இழுவையார் உள்ளே எட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"தகடு கனம். அதான்" என்று தமக்கே சொல்லிக்கொண்டார். வேறு பெட்டி வரவழைப்பதற்குப் பல வாரங்கள் ஆகும் என்றார் கடைக்காரர். என்ஜினியரோ அத்தனை நாள் பொறுப்பவர் அல்லர். அதையே எடுத்தார்கள்.

பெட்டியைத் தரைத்தளத்து மூலையில் வைத்து, போல்ட் முடுக்கி, மஞ்சள் உருவங்களை வரைந்து, போன மெஷின்களுக்குப் பதிலாக வந்தவற்றையும் அடுக்கி முடித்த அன்று முதல் ஓர் ஆணி கூடக் களவு போகவில்லை. என்ஜினியர் மைத்துனனைக் கண்டால் தலையசைக்கத் தொடங்கினார்.

"மாமா, நான் யோக்கியன்னு இரும்புப் பெட்டியே சாட்சி சொல்லுது. மனுசன் சொன்னா நம்ப மாட்டாங்க, பெட்டி சொன்னா நம்புவாங்க" என்று அவன் சிரித்தான்.

இழுவையாருக்கும் நிம்மதிதான். ஆயினும் சில சில்லறை விஷயங்கள் அவர் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தன. வெளிச்சுவர் இன்னும் எழும்பாத அம்மூலையில் உச்சி வெயில் நேராக விழும். அவ்வெயிலிலும் பெட்டியின் மூடி கிணற்றுக் கல்போலக் குளிர்ந்திருந்தது. சிமெண்ட் மூட்டை, செங்கல் அடுக்கு, கவிழ்த்த வாளி என எதன்மேலும் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் இப்பெட்டியின்மேல் மட்டும் உட்காரவில்லை. உட்காராதே என்று எவரும் சொன்னதில்லை. அவர்களைக் கேட்டால், "அப்படியா? கவனிக்கலையே" என்றனர்.

பிறகு ஒரு காலைப்பொழுது. இழுவையார் மூடியைத் தூக்கினார். மஞ்சள் உருவங்களுள் ஒன்று கூடக் காலியாக இல்லை. ஆனால் பெட்டியின் நடுவில், உருவம் எதுவும் வரையாத வெற்றிடத்தில், ஒரு சாந்துக் கரண்டி கிடந்தது.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மெஷின்கள் கம்பெனியைச் சேர்ந்தவை. அவை பெட்டிக்குள் போகும். கைக்கருவிகளோ அவரவர் சொந்தம். அவரவரே கொண்டுவந்து அவரவரே கொண்டுபோவார்கள். மாறிப் போகாதிருக்க ஒவ்வொருவரும் தம் கருவியில் ஓர் அடையாளம் இட்டிருப்பர். பூச்சு வேலைக் கொத்தனார் பிடியில் பச்சை நூல் சுற்றியிருப்பார். வயர்மேனுடைய கட்டிங் பிளையரில் சிவப்பு டேப் இருக்கும். மைத்துனன் தன் சுத்தியலின் கைப்பிடி அடியில் காக்கைக் காலைப்போல மூன்று கீறல் வெட்டியிருந்தான்.

பெட்டியில் கிடந்த கரண்டியின் பிடியில் பச்சை நூல் இருந்தது.

இழுவையாருக்குச் சிரிப்பு வந்தது. பெட்டி பலமானது என்று தெரிந்தவுடன், மாலையில் தாம் திரும்பிய நேரம் பார்த்துக் கொத்தனார் தம் சொந்தச் சாமானை உள்ளே நுழைத்துவிட்டார் என்று எண்ணினார். கரண்டியை எடுத்துக்கொண்டு போனார். தொட்டபோது அது ஈரமாக இருந்தது.

"என்ன கொத்தனாரே, என் பெட்டியில வாடகைக்குக் குடி வந்துட்டீங்களா?"

சாந்து குழைத்துக்கொண்டிருந்த கொத்தனார் நிமிர்ந்தார். அவர் கையில் ஒரு கரண்டி இருந்தது. பிடியில் பச்சை நூல். முனையில் சிறு சில்லு உடைந்த இடம். இழுவையார் தம் கையில் இருந்ததைத் திருப்பினார். அதன் முனையிலும் அதே சில்லு, அதே இடத்தில்.

"அட, எனக்கே தெரியாம என் கரண்டி குட்டி போட்டிருக்கு!" என்றார் கொத்தனார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "என்னுது இல்ல ஸ்டோர்காரரே. இதப் பாருங்க, வெள்ளை சிமெண்ட் ஒட்டியிருக்கு. நம்ம சைட்டுக்கு வெள்ளை சிமெண்ட் இன்னும் வரவே இல்லையே."

"அப்ப இது வேணாமா?"

"ரெண்டு எதுக்கு? ரெண்டு கையாலயும் பூசச் சொல்றீங்களா?"

இழுவையார் அதனைத் திரும்பப் பெட்டியிலேயே போட்டுவைத்தார். யாரேனும் கேட்டு வருவார்கள் என்று இருந்துவிட்டார்.

அவ்வாரத்தின் இறுதியில் வெள்ளை சிமெண்ட் வந்தது. கொத்தனார் சாரத்தில் ஏறி மேல்மாடிச் சுவரில் முதல் பூச்சைத் தொடங்கினார். மதியத்திற்குள் சாரத்தின் பலகை ஒருபுறம் புரண்டது. கீழே இருந்தவர்கள் ஓடிப்போய்த் தூக்கியபோது அவரிடம் பேச்சில்லை. மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே மூச்சும் நின்றுவிட்டது.

மறுநாள் கொத்தனாரிடம் வேலை பார்த்த சித்தாள் பெண் ஒருத்தி கண் வீங்கியபடி வந்து நின்றாள். "அண்ணே, அவர் சாமானை எல்லாம் வீட்டுல குடுத்துடலாம்னு சேக்கிறேன். கரண்டி மட்டும் காணோம். கையில வச்சிருந்தாரு, விழுந்த இடத்துல இல்ல. சாரம் பூராவும் தேடிட்டேன்."

இழுவையார் பெட்டியைத் திறந்தார். கரண்டி கிடந்தது. ஒன்றுதான். அதன்மேல் வெள்ளை சிமெண்ட் ஒட்டியிருந்தது. அதே அளவு, அதே வழிசல், அதே விரல் அடையாளம். எடுத்து அவளிடம் கொடுக்கையில் அவருடைய விரல்கள் ஈரமாயின.

அன்றிலிருந்து அவர் மாலைகளில் பெட்டிக்கு முதுகைக் காட்டவில்லை. ஒவ்வொரு மெஷினாக வாங்கி, உருவத்தில் பொருத்தி, நடுவில் ஒன்றும் இல்லை என்பதைக் கையால் தடவிப் பார்த்து, மூடி, பூட்டி, இழுத்து, மீண்டும் இழுத்துவிட்டே போனார். அவ்வளவு செய்தும் ஒரு நாள் காலையில் நடுவில் ஒரு கட்டிங் பிளையர் கிடந்தது. சிவப்பு டேப், அதன் ஒரு பகுதி கருகிச் சுருண்டிருந்தது.

வயர்மேனுடைய பிளையர் அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. அதன் டேப் கருகியிருக்கவில்லை.

"தம்பி, இன்னிக்கு நீ லீவு போட்டுட்டு வீட்டுக்குப் போ" என்றார் இழுவையார்.

"ஏண்ணே, உங்க வீட்டுல விசேஷமா?"

"சொன்னாக் கேளு. பெரிய மோட்டார் பக்கம் போகாத."

"மோட்டார் பக்கம் போகாம வயர்மேன் என்ன, மண் சுமக்கப் போகவா?" என்று நகைத்துவிட்டுப் போனான். ஆனால் அவன் நேரம் வேறுவிதமாகத் திரும்பிற்று. அன்று முற்பகலிலேயே என்ஜினியருடன் ஏதோ ஒரு சுவிட்சு குறித்து வாக்குவாதம் முற்றி, "உங்க வேலையும் வேணாம், உங்க கரண்டும் வேணாம்" என்று கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு வெளியேறினான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்களே, அப்படி.

மறுநாள் காலையில் இழுவையார் மூடியைத் தூக்கினார். மெஷின்கள் எல்லாம் இருந்தன. நடுவில் கிடந்த பிளையர் மட்டும் இல்லை. அந்தப் பெட்டியிலிருந்து காணாமற்போன ஒரே பொருள் அதுதான்.

அன்றே கடைக்காரருக்குப் போன் செய்து, பெட்டியைத் திருப்பிக் கொடுத்தவருடைய விலாசம் கேட்டார். "அவரு வேலையையே விட்டுட்டாருங்க. எங்க இருக்காருன்னு தெரியல" என்றது பதில். என்ஜினியரிடம் சென்று பெட்டியை மாற்றிவிடலாமா என்று மெல்லக் கேட்டுப் பார்த்தார்.

"ஏன், இப்ப என்ன காணாமப் போச்சு?"

"ஒண்ணும் போகல சார்."

"அப்புறம்? நல்லா இருக்கிற பெட்டியை மாத்தச் சொல்ற முதல் ஸ்டோர்காரர் நீங்கதான். உங்க மச்சானைக் காப்பாத்தின பெட்டிங்க அது."

இழுவையார் திரும்பிவிட்டார். யோசித்துப் பார்த்தால், பெட்டியை மாற்றித்தான் என்ன பயன்? கொத்தனாரைத் தள்ளியது பெட்டி அன்று, புரண்ட பலகை. பெட்டி காட்டியது, அவ்வளவே. கடிகாரத்தை உடைத்துவிட்டால் பொழுது நின்றுவிடுமா? இந்தக் கட்டடத்தில் எவனுக்கு என்ன வரப்போகிறதோ, அது அவன் இங்கே இருந்தால்தான் வருகிறது. வாசலைத் தாண்டிப் போய்விட்டவனுடைய கருவி பெட்டியை விட்டும் போய்விடுகிறது. அவருக்குப் புரிந்தது இவ்வளவுதான். புரியாத மிச்சத்தை நினைக்க அஞ்சினார்.

அதன்பின் சில நாள்கள் நடுவிடம் காலியாகவே இருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தம்மைத்தாமே தேற்றிக்கொள்ளத் தொடங்கிய வேளையில், ஒரு காலையில் மூடி வழக்கமான பெருமூச்சுடன் எழுந்தது.

நடுவில் ஒரு சுத்தியல் கிடந்தது.

அவர் அதனைத் தொடாமலே குனிந்து பார்த்தார். கைப்பிடியைச் சுற்றிலும் நீலப்பூப் போட்ட துணிப்பட்டை ஒன்று இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. துணி முடிந்த இடத்திற்குக் கீழே, மரத்தில், காக்கைக் கால்போல மூன்று கீறல்.

அந்த நீலப்பூத் துணியை அவருக்குத் தெரியும். அவருடைய தலையணை உறை அது. அன்று காலையில் அதன்மேல்தான் கன்னத்தை வைத்து விழித்திருந்தார்.

மேல்தளத்தில் மைத்துனன் ஆட்களை விரட்டும் குரல் கேட்டது. ஏறிப் போனார். அவன் இடுப்பில் சுத்தியல் இருந்தது. கைப்பிடி வெறும் மரம். துணி ஒன்றும் இல்லை. படியில் நின்றபடியே பெருமூச்சு விட்டார். இன்னும் நேரம் இருக்கிறது.

"மச்சான், கொஞ்சம் இப்படி வா."

"என்ன மாமா, மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு? பூட்டை இழுக்க மறந்துட்டீங்களா?"

இழுவையார் அவனை ஒருபுறமாக அழைத்துச் சென்று எல்லாவற்றையும் சொன்னார். கரண்டியின் கதையையும் பிளையரின் கதையையும் சொல்லி முடித்து, கீழே அழைத்துப் போய்ச் சுத்தியலைக் காட்டினார். மைத்துனன் பெட்டியிலிருந்த சுத்தியலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் சிரிப்பு ஒரு கணம் நின்றது. பிறகு திரும்பி வந்துவிட்டது.

"எவனோ நம்மகிட்ட விளையாடுறான் மாமா. மூணு கீறல் வெட்டறது என்ன, பெரிய சித்து வேலையா?"

"இந்தத் துணி?"

"இந்தத் துணி கடைகடையாத் தொங்குது."

"வேலையை விட்டுட்டு வேற சைட்டுக்குப் போயிடு. உங்கக்காவுக்காகவாவது போ."

அவன் முகம் இறுகிற்று. "இப்பப் போனா என்ன சொல்வாங்க? பெட்டி வந்ததும் திருட முடியல, ஓடிட்டான்னு சொல்ல மாட்டாங்களா? ஊர் வாயை எதை வச்சு மூடுவீங்க? என் பேரைக் கழுவத்தானே இந்தப் பெட்டியே வாங்கினோம்? பிணமாப் போனாலும் போவேன், திருடனாப் போக மாட்டேன்."

"அப்படிச் சொல்லாதடா."

"நீங்க அப்படிக் கேக்காதீங்க மாமா."

அவன் ஏறிப் போய்விட்டான். இழுவையார் அந்தச் சுத்தியலைச் சாக்கில் சுற்றி எடுத்துச் சென்று, வீட்டுக்குப் போகும் வழியில் பாலத்தின்மேல் நின்று ஆற்றில் எறிந்தார். தண்ணீர் அதனை விழுங்கியதைக் கண்ணால் கண்டார். வீட்டை அடைந்தவுடன் நேராகப் படுக்கைக்குச் சென்றார். தலையணையில் நீலப்பூ உறை இருந்தது. அதனைக் கழற்றி மடித்து, அலமாரியின் அடியில், கம்பளிக்குக் கீழே மறைத்து வைத்தார். மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. இதை எப்படிச் சொல்வது?

மறுநாள் பெட்டியைத் திறந்தார். சுத்தியல் நடுவில் கிடந்தது. நீலப்பூத் துணியிலிருந்து ஆற்றுநீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் மூடியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருக்கையிலேயே பின்னால் செருப்போசை கேட்டது.

"மாமா, கிரேன் வருது. இன்னிக்கு உச்சி மாடிப் பலகையெல்லாம் கழட்டணும். கட்டிங் மெஷினைக் குடுங்க."

திரும்பினார். மைத்துனன் மெஷினுக்காக ஒரு கையை நீட்டினான். மறுகையில் சுத்தியல். அதன் கைப்பிடியைச் சுற்றி நீலப்பூத் துணி.

"இது..." என்றார்.

"இதுவா? காலைல அக்கா வீட்டு வழியா வந்தேன். கைப்பிடி வழுக்குதுன்னு சொன்னேன். அலமாரியில எதையோ தேடுறப்ப ஒரு பழைய உறை கிடைச்சுச்சாம், நைஞ்சு போச்சுன்னு கிழிச்சுக் கட்டிக் குடுத்துச்சு." அப்போதுதான் அவன் பார்வை பெட்டியின் நடுவில் விழுந்தது. கிடந்ததைக் கண்டான். தன் கையைக் கண்டான். இரண்டிலும் துணியின் கிழிந்த ஓரம் ஒரேவிதமாகப் பிசிறியிருந்தது. முடிச்சும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது.

கையிலிருந்த சுத்தியலை இடுப்பு வாரில் செருகிக்கொண்டான். பிறகு தணிந்த குரலில், "மெஷினைக் குடுங்க மாமா, ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க" என்றான்.

"போகாத மச்சான்."

"நான் போகலைன்னா இன்னொருத்தன் ஏறணும். என் ஆளுங்களை ஏத்திவிட்டுட்டு நான் கீழ நிக்கவா? அதுவும் இந்தச் சுத்தியலுக்குப் பயந்தா?" அவன் குரல் நடுங்கிற்று, அவன் நின்ற நிலை நடுங்கவில்லை. மெஷினைத் தானே எடுத்துக்கொண்டு படியை நோக்கி நடந்தான்.

வாசலில் கிரேன் உறுமிக்கொண்டு நுழைந்தது. இழுவையார் பெட்டியைப் பார்த்தார். தாம் தேர்ந்தெடுத்த பெட்டி. பூட்டு பழுதற்றது, கீல் பழுதற்றது, தகடு பழுதற்றது. இதுவரை அதனுள்ளிருந்து ஒரே ஒரு பொருள்தான் தானாக வெளியேறியிருக்கிறது. அதற்கு உரியவன் இன்று எங்கோ ஒரு வீட்டில் விளக்குக்கு வயர் இழுத்துக்கொண்டிருக்கிறான். அவனாகப் போனான். இவன் தானாகப் போகமாட்டான். துரத்தினால்தான் போவான்.

பெட்டியை மூடாமல், பூட்டாமல் அவர் என்ஜினியருடைய தகர அறையை நோக்கி விரைந்தார். என்ஜினியர் மேசைமேல் படத்தை விரித்து வைத்திருந்தார்.

"சார், கிரேனை நிறுத்தச் சொல்லுங்க."

"ஏன்?"

"என் மச்சானைக் கீழ இறக்குங்க. அவனை வேலையை விட்டு நிறுத்துங்க." குரல் தம்முடையதுதானா என்று அவருக்கே ஐயமாக இருந்தது. "போன சாமானெல்லாம் அவன்தான் எடுத்தான். எனக்கு அப்பவே தெரியும். கீல் ஆணிக் கதையை நான் கட்டிச் சொன்னேன்."

என்ஜினியர் பென்சிலைக் கீழே வைத்தார். வெளியே இரும்புச் சங்கிலி இழுபடும் ஓசை கேட்டது.

"என்ன பேசறோம்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா? அவர் உங்க பொண்டாட்டி கூடப் பிறந்தவர்."

"தெரியும் சார். போலீஸ் மட்டும் வேணாம். போன சாமானுக்கு நான் பொறுப்பு ஏத்துக்கிறேன். அவன் ஒத்துக்க மாட்டான், சண்டை போடுவான், என் முகத்துல துப்புவான். அவன் என்ன சொன்னாலும் கேக்காதீங்க. இந்த நிமிஷமே கேட்டுக்கு வெளிய அனுப்பிடுங்க. திரும்ப உள்ள விடாதீங்க."

என்ஜினியர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாக்கிடாக்கியை எடுத்தார். கிரேனை நிறுத்தச் சொன்னார். சென்ட்ரிங் மேஸ்திரியைக் கீழே வரச் சொன்னார். பிறகு, "சாயங்காலம் நீங்க வீட்டுக்குப் போக வேணாமா, ஸ்டோர்காரரே? அங்க என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டார்.

படிகளில் மைத்துனனுடைய செருப்போசை இறங்கி வந்துகொண்டிருந்தது.

"போகணும் சார். இங்க சொன்னதையேதான் அங்கயும் சொல்லப் போறேன்" என்றார் இழுவையார்.